கட்டைவிரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம்

படூரில் ஓ.எம்.ஆர். சாலையைப் பார்த்தபடி இருக்கும் அந்தக் கண்ணாடிக் கடையில் ஓடுகிறவர்களுக்கான ஷூ மட்டும்தான் விற்பார்கள். அங்கே பல வருடமாகக் கால் அளந்துகொண்டிருந்தான் சரவணகுமார். கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை. ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்து வருவதைப் பார்த்தே பாதம் உள்பக்கம் சாய்கிறதா, வெளிப்பக்கம் தேய்கிறதா என்று சொல்லிவிடுவான். நாற்பது வயதில் ஒருநாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று தன் தொப்பையைக் கண்டுபிடித்து, அடுத்த வாரமே மாரத்தானுக்குப் பேர் கொடுத்துவிடும் அபார்ட்மெண்ட்காரர்கள்தான் கடைக்கு வாடிக்கை. அவர்கள் கலரைப் பார்த்து ஷூ கேட்பார்கள். இவன் கலரைப் பற்றிப் பேசவே மாட்டான். கீழே உட்கார்ந்து, அவர்கள் குதிகாலைத் தன் தொடைமேல் வைத்து, விரல் நுனியை அழுத்திப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் இரண்டே சங்கதி சொல்வான்.

"கட்டைவிரலுக்கு முன்னால கொஞ்சம் இடம் இருக்கணும் சார். ஓட ஓடக் கால் வீங்கும். இடம் இல்லன்னா நகம் கறுத்து வுழுந்துடும்."

"ரேஸ் அன்னிக்கு மட்டும் புது ஷூ போட்டுடாதீங்க சார். ஒரு மாசமாவது போட்டு ஓடிப் பழக்கிடணும். பொட்டியில இருந்து எடுத்து நேரா மாட்டிகினு போனவங்க ரத்தக் காலோடதான் திரும்பி வருவாங்க."

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த இரண்டையும் சொல்வான். அவன் சொல்லாமல் விட்டது ஒரே ஒருத்திக்குத்தான். அவள் அவன் தங்கை ஜெயப்பிரியா.

தங்கையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அப்பாவைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த வீட்டில் எதுவும் அவர் வாயைத் தாண்டி நடந்ததில்லை. கண்ணாயிரத்துக்குச் செங்கல்பட்டிலிருந்து பொன்விளைந்தகளத்தூர் போகிற வழியில் வீடு, கொஞ்சம் நிலம், குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று. மகனைப் போலீஸ் உடுப்பில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. சரவணகுமார் எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு தடவையும் தேறினான், ஓட்டத்தில் ஒவ்வொரு தடவையும் விழுந்தான். கடைசித் தடவை மைதானத்தின் நடுவிலேயே மண்டி போட்டு வாந்தி எடுத்தான். வேலிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, அவன் எழுந்து வருவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குள் வயதும் கடந்துவிட்டது. படூர்க் கடையில் வேலை கிடைத்தபோது சொந்தக்காரர்களிடம் 'கம்பெனியில் சூப்பர்வைசர்' என்று சொல்லிவைத்தார். வீட்டுக்குள் அந்தச் சூப்பர்வைசர் பட்டம் கிடையாது.

"நம்ம காலப் புடிக்க ஆளு வந்த காலம் போயி, எம்புள்ள ஊரான் காலப் புடிச்சிகினு கீறான்" என்பார். சரியாகச் சோறு தட்டில் விழும் நேரம் பார்த்துத்தான் சொல்வார். அவன் பிசைந்துகொண்டே கேட்டுக்கொள்வான்.

ஜெயப்பிரியா அண்ணனைவிட ஏழு வயது இளையவள். நெடுநெடுவென்று வளர்ந்தவள், செங்கல்பட்டு அரசுக் கல்லூரியில் தாவரவியல் படித்தவள். சர்க்கார் தேர்வு எழுதி வனக்காப்பாளர் வேலைக்குத் தேறிவிட்டாள். பாக்கி இருந்தது நடைத் தேர்வு ஒன்றுதான். பெண்களுக்குப் பதினாறு கிலோமீட்டர், நாலு மணி நேரம். நடக்கலாம், ஓடலாம், அது அவரவர் பாடு. அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "இந்த ஒரு தபாதான். பெயிலானா அடுத்த மாசமே மாப்ள பாத்துடுவேன். அப்பால படிக்கிறேன், எழுதுறேன்னு வாயத் தொறக்கக் கூடாது." ஆக, காக்கி உடுப்பா, யாரோ ஒருத்தன் வீட்டு அடுப்படியா என்பது அந்தப் பதினாறு கிலோமீட்டரில் இருந்தது.

அவள் பயப்படவில்லை. பஜாரில் வாங்கிய ஒரு கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு தினமும் விடிகாலையில் கொளவாய் ஏரிப் பக்கம் போய், பாதி ஓட்டம் பாதி நடை என்று பழகினாள். சரவணகுமார் ஒருநாள் பைக்கில் பின்னாலேயே போய்ப் பார்த்தான். தோள் ஆடாமல், மூச்சு இரைக்காமல் போய்க்கொண்டே இருந்தாள். ஓட்டத்தில் விழுந்தவனுக்கு, ஓடத் தெரிந்தவளை அடையாளம் தெரியாதா? இவள் தேறிவிடுவாள் என்று அன்றைக்கே அவனுக்குத் தெரிந்துபோயிற்று. அந்த வயிற்றெரிச்சலோடு வேலைக்குப் போனான்.

கண்ணாயிரத்துக்குப் பொறுமை ஏது? நடைத் தேர்வுக்குத் தேதி வந்ததுமே பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டிவிட்டார். 'வனத்தைக் காக்கப் புறப்பட்ட எங்கள் குலவிளக்கே!' யாரோ ஒரு அதிகாரியின் காக்கி உடம்பில் ஜெயப்பிரியாவின் தலையை ஒட்டி, பின்னால் ஒரு புலியையும் நிறுத்தியிருந்தார்கள். கீழே வாழ்த்தும் சொந்தங்கள் வரிசை. அதில் கடைசியாக, பெரியப்பாவின் கைக்குழந்தைப் பேரனுக்குப் பக்கத்தில், தபால்தலை அளவுக்குச் சரவணகுமார். தினமும் காலையில் அந்தப் பேனருக்கு அடியில் நின்றுதான் அவன் பஸ் ஏற வேண்டும்.

கான்வாஸ் ஷூவின் அடி தேய்ந்திருந்ததை அப்பா பார்த்துவிட்டார். "டேய், அவளுக்கு உங்க கடையில நல்ல ஷூவா ஒண்ணு எடுத்துகினு வா. உன் வேலயால இந்த வூட்டுக்கு ஒரு பிரயோசனமாவது ஆவட்டும்" என்றார்.

அன்று ராத்திரி ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, தங்கையை அதன்மேல் நிற்கவைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டான். "கூச்சமா கீதுண்ணா" என்று அவள் சிரித்தாள். முன்பாதம் அகலமான கால். ஆறாம் நம்பர், அதுவும் அகலமான வகை. அளக்காமலே அவனுக்குத் தெரியும்.

"பாத்து நல்லதா எடுத்தாண்ணா. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சொல்றதுதான்" என்றாள்.

இதை அவனுக்காகச் சொல்லியே ஆக வேண்டும்: முதலில் அவன் சரியான பெட்டியைத்தான் எடுத்தான். மெத்தென்ற அடிப்பாகம், அகலமான முன்பகுதி, ஆறாம் நம்பர். பில் போடக் கொண்டுபோகும்போது போன் அடித்தது. அப்பா. பின்னால் டீக்கடைச் சத்தம்.

"இன்னாடா, எடுத்துட்டியா? கேட்டுக்க, நாளைக்கு எம்பொண்ணு ஜீப்புல வந்து எறங்கறப்போ நீதான் வாசல்ல குந்திகினு ஷூவ கயட்டிவுடணும். உனக்குப் பயக்கந்தான!"

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தது போனில் தெளிவாகக் கேட்டது. சரவணகுமாரும் சிரித்தான். "சரிப்பா" என்றான். போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய், அந்தப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அதே ஷூவில் ஐந்தாம் நம்பரை எடுத்தான். குறுகலான வகை. கலர் பார்த்து எடுத்தது அவன் வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான். பெண்பிள்ளைகள் பார்த்ததும் மயங்குகிற ரோஸ் கலர். அவனுக்குக் கை நடுங்கியது, நெஞ்சு அடித்துக்கொண்டது என்றெல்லாம் எழுதினால் பொய்யாகிவிடும். வழக்கம்போல டிஸ்கவுண்ட் கேட்டு வாங்கினான்.

ஜெயப்பிரியா பெட்டியைப் பிரித்ததும் குதித்தாள். காலை நுழைத்ததும் முகம் லேசாகச் சுருங்கியது.

"முன்னால முட்டுதேண்ணா."

"புது ஷூன்னா அப்படித்தான் இருக்கும். நல்ல ஷூ காலப் புடிச்சாப்பலதான் இருக்கும். உன் கான்வாஸு தொளதொளன்னு கெடந்ததால உனக்கு அப்படித் தெரியுது."

"நம்பர் சரிதானா?"

"கம்பெனிக்குக் கம்பெனி நம்பர் மாறும்டி. நான் பாக்காததா?"

அவள் அதோடு விட்டுவிட்டாள். ஆறு வருடமாக ஊருக்கே கால் பார்க்கிறவன், தங்கை காலையா தப்பாகப் பார்த்துவிடுவான்?

"தேர்வுக்கு இன்னும் நாள் கீது. காலைல ஏரிக்குப் போட்டுகினு போயிப் பாக்கட்டா?" என்று கேட்டாள்.

குறுக்கே விழுந்தார் கண்ணாயிரம். அந்த வீட்டில் எந்தப் புதுசும் அதற்கான நாளைக்கு முன்னால் உடம்பில் ஏறாது. தீபாவளித் துணி தீபாவளியன்று காலையில், கல்யாணப் பட்டு கல்யாணத்தன்று. மகன் முதல் தேர்வுக்குப் போனபோது புதுப் பேனாவைக்கூடப் பரீட்சை மண்டபத்தில்தான் திறக்கவிட்டார். "அந்த ஏரிச் சேத்துலயா புதுச மிதிப்ப? தேர்வு அன்னிக்குப் பொட்டியத் தொற. மொத தபா அது ஜெயிக்கிற எடத்துலதான் மண்ண மிதிக்கணும்" என்றார்.

ஜெயப்பிரியா அண்ணனைப் பார்த்தாள். அவனுக்குத் தெரியுமே என்கிற நம்பிக்கைப் பார்வை. வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் ஓதுகிற அந்த இரண்டாவது சங்கதி சரவணகுமாரின் நாக்கு நுனியில் நின்றது.

"அப்பா சொல்றது கரெக்டு. பொட்டியிலயே இருக்கட்டும்" என்றான்.

வேண்டா என்று பெயர்கொண்ட அம்மா, பெட்டி மூலையில் மஞ்சள் தடவி பீரோமேல் வைத்தாள். காலில் போடுகிறதைச் சாமிப் படத்துக்குக் கீழே வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

தேர்வு மாமல்லபுரத்தில். ஈ.சி.ஆர். வழியாகப் பட்டிபுலம் வரை போய்த் திரும்பி வர வேண்டும். இருட்டோடு கிளம்பினார்கள். அப்பாவும் தங்கையும் குட்டியானையில், சரவணகுமார் பைக்கில். அப்பா மறக்காமல் பெரிய சம்பங்கி மாலை வாங்கி வைத்திருந்தார். பைக் கிளம்பும் நேரத்தில் வேண்டா ஓடிவந்து, பின்பெட்டியில் ஒரு பையைத் திணித்தாள். "அவ பழைய ஷூவு. எதுக்கும் இருக்கட்டும் சரவணா. அப்பன் பாத்தா அபசகுனம்னு கத்துவாரு, சொல்லிடாத" என்று காதோடு சொன்னாள்.

விசில் ஊதினார்கள். பெண்கள் கூட்டமாகப் புறப்பட்டார்கள், ரோஸ் ஷூ முன்வரிசையில் போயிற்று. அப்பா முடிவுக் கோட்டுப் பக்கம் மாலையோடு நின்றுகொண்டார். சரவணகுமார் சாளவான்குப்பம் தாண்டி, ஒரு சவுக்குத் தோப்பு ஓரமாகப் பைக்கை நிறுத்தி, தண்ணீர் பாட்டிலோடு காத்திருந்தான். போகும்போது அவள் கையசைத்தாள். ஆனால் வலது காலைக் கொஞ்சம் தாங்கி வைத்தாள். வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது.

திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. கடல் பக்கத்திலேயே இருந்தும் காற்று ஒரு பொட்டு இல்லை. அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக முன்னால் வந்து போனார்கள். வெகுநேரம் கழித்து அவள் வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் முகம் கோணியது. அவனைக் கண்டதும் ஓரமாக உட்கார்ந்து லேஸைப் பிரித்தாள். ஷூவைக் கழற்றும்போது கத்தினாள். வெள்ளை சாக்ஸின் நுனி சிவந்து ஊறியிருந்தது. கட்டைவிரல் நகங்கள் இரண்டும் தூக்கி நின்றன, குதிகாலில் தோல் உரிந்து தொங்கியது.

"அண்ணா, என் பழைய ஷூவ எடுத்தாந்தியா?"

அது அவனுக்கு இரண்டடி தூரத்தில், பைக்கின் பெட்டிக்குள் இருந்தது. சாவி அவன் கையில் இருந்தது. நேரமும் இருந்தது. அந்தப் பழகிய ஷூ கிடைத்தால் அவள் நொண்டியபடியாவது உள்ளே போய்விடுவாள் என்பது அவனுக்குக் கணக்காகத் தெரியும். இதுவரை செய்ததையெல்லாம் எப்படியாவது மழுப்பிவிடலாம். நம்பர் மாறிப்போச்சு, அப்பா பேச்சை மீற முடியவில்லை, ஏதாவது. இங்கே மழுப்ப எதுவும் இல்லை. வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் போதும்.

"இல்லடி. யாரு கண்டா இப்படி ஆவும்னு?" என்றான்.

அவள் அழவில்லை. திரும்ப ஷூவை மாட்டப் பார்த்தாள், வீங்கிய கால் உள்ளே போகவில்லை. அவனிடமே அதைக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு தாரில் இறங்கி நடந்தாள். கொஞ்ச தூரத்துக்குச் சாலையில் ஈர அடையாளம் தெரிந்தது. பைக்கை மெதுவாக உருட்டிக்கொண்டு அவன் கூடவே போனான். "முடியும்டி, போ, போ" என்று தைரியம்வேறு சொன்னான். தண்ணீர் கொடுத்தான். பார்த்தவர்கள், அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

அவள் கோட்டைத் தொடுவதற்கு முன்னால் கடைசி விசில் ஊதிவிட்டது. மேசையைக்கூட மடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணாயிரம் மாலையைக் குட்டியானையின் பின்பக்கம் விசிறி எறிந்தார். மகளின் காலைக் குனிந்து பார்க்கவில்லை. "தூக்கி வுட்டதுக்கு மூஞ்சில கரியப் பூசிட்டல்ல" என்று மட்டும் சொன்னார். வீடு போய்ச் சேரும்வரை அவள் அந்த மாலைக்குப் பக்கத்தில், லோடு ஏற்றுகிற தகரத்தின்மேல் உட்கார்ந்து வந்தாள். சரவணகுமார் தனியாகப் பைக்கில் திரும்பி, வழியில் அந்தப் பழைய ஷூவைக் கொளவாய் ஏரியில் வீசிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று ராத்திரி கண்ணாயிரம் மகனைப் பார்த்து, "சாப்ட்டியாடா?" என்று கேட்டார். வருடக்கணக்கில் கேட்காத கேள்வி. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து அவன் தட்டில் போட்டார். "என்ன இருந்தாலும் ஆம்பளப் புள்ளதான் கடைசி வரைக்கும்" என்று டீக்கடையில் சொன்னார். பேனரைக் கழற்றி வைக்கோல்போரின்மேல் போட்டு மூடியதில், குலவிளக்கின் தலை வெளிப்பக்கம் தெரிந்தது. கால் பிடிக்கிற பேச்சே இல்லை, ஏச்சுக்கு வேறு ஆள் கிடைத்தாயிற்று. சரவணகுமார் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டான். நன்றாகத் தூங்கினான்.

ஜெயப்பிரியா கால்களில் துணி சுற்றிக்கொண்டு மூலையில் கிடந்தாள். நகங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒருநாள் அண்ணனைக் கூப்பிட்டு, "என் காலுதாண்ணா சரியில்ல. நீ அவ்ளோ நல்ல ஷூ எடுத்துக் குடுத்தும் வீணாப் போச்சு" என்றாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான்.

சொன்ன வாக்குப்படி அப்பா மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார். வந்தவர்கள் எல்லாம் பேனரைப் பற்றியே விசாரித்துவிட்டுப் போனார்கள், எதுவும் தகையவில்லை. வேண்டா மகளைத் திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனாள். கல்யாணம் ஆகாதவர்கள் அங்கே மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிரகாரம் சுற்ற வேண்டும். தோல் சரியாக மூடாத காலோடு, வெயிலில் சுடும் கல்லில் அவள் ஒன்பது சுற்றும் சுற்றினாள். வரும் வழியில் வேண்டாவுக்கு ஓர் ஆசை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், மகன் வேலை பார்க்கிற கடையைப் பார்த்துவிட்டுப் போய்விடலாமே என்று.

அவர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது சரவணகுமார் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஓர் அபார்ட்மெண்ட்காரரின் காலைத் தொடைமேல் வைத்திருந்தான்.

"கட்டைவிரலுக்கு முன்னால கொஞ்சம் இடம் இருக்கணும் சார். இல்லன்னா நகம் கறுத்து வுழுந்துடும். அப்பறம், ரேஸ் அன்னிக்கு மட்டும் புது ஷூ போட்டுடாதீங்க. போட்டா ரத்தக் காலோடதான் வருவீங்க."

திரும்பினான். அம்மா பூரித்துப்போய் நின்றாள். பக்கத்தில் கழுத்தில் மாலையோடு ஜெயப்பிரியா. எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. அவளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அவள் நேராக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், செருப்பைக் கழற்றினாள், வலது காலை நீட்டினாள்.

"எனக்கும் அளந்து பாருண்ணா."

ஆட்கள் பார்க்கிறார்கள். வேறு வழியில்லை. அவன் அளவுப் பலகையை இழுத்துவைத்து மண்டியிட்டான். அந்தக் காலைக் கையில் வாங்கினான். கட்டைவிரலில் நகம் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு சதை மட்டும் இருந்தது. குதிகாலில் கோயில் கல் சுட்ட தடம் இன்னும் இருந்தது.

"எம்புள்ள சார்" என்று வேண்டா அந்த அபார்ட்மெண்ட்காரரிடம் சொன்னாள். "காலப் பாத்தாப் போதும், பட்டுனு சொல்லிடுவான்."

"எத்தினி நம்பருண்ணா?" என்றாள் ஜெயப்பிரியா.

அவன் உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமாச் சொல்லு. அம்மாக்குக் கேக்கல."

"ஆறு."

"பொட்டியில அஞ்சுன்னு போட்டிருந்திச்சி" என்றாள், ஊர்ச் சங்கதி சொல்லுகிற குரலில். பிறகு குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "பழைய ஷூவ உன் வண்டிப் பொட்டியில வச்சி அனுப்பிச்சதா அம்மா இப்பதான் பஸ்ஸுல சொல்லிச்சி" என்றாள்.

அவன் நிமிரவில்லை. அம்மா இன்னும் அந்த ஆளிடம் மகனின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெயப்பிரியா அவன் கையிலிருந்து வலது காலை நிதானமாக எடுத்துக்கொண்டாள். இடது காலை அவன் தொடைமேல் தூக்கிவைத்தாள்.

"இன்னொரு காலும் கீது" என்றாள். "புடி."